ஆர்.என்.ஏ. பல மடங்கு உயர்ந்தும் நொதி அசையவில்லை: எதை நம்புவது?

கேள்வி — மார்ச் 3

தாவர உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு, முதல் ஆண்டு. அம்மோனியம் மட்டும் கொடுத்து வளர்த்த அராபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் மாதிரியாக வளர்க்கும் சிறு செடி) செடிகளுக்கு நைட்ரேட் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து இலை பறித்தேன். நைட்ரேட் ரிடக்டேஸ் என்ற நொதியின் மரபணு தரும் தூது ஆர்.என்.ஏ. பல மடங்கு உயர்ந்திருக்கிறது. அதே இலைகளின் சாற்றில் நொதியின் செயற்பாட்டை அளந்தால், நைட்ரேட் பெறாத செடிக்கும் இதற்கும் வேறுபாடே தெரியவில்லை. திரும்பச் செய்து பார்த்தும் அப்படியேதான். நொதி அளவீடு பழைய காலத்து வேலை, அதை விட்டுவிட்டு எல்லா மரபணுக்களின் ஆர்.என்.ஏ.வையும் வரிசைப்படுத்தி எழுதிவிடு என்கிறார்கள் ஆய்வகத்தில். எனக்கும் அதுவே சரி என்று தோன்றுகிறது. மாற்றுக் கருத்து உண்டா?

பதில் — மார்ச் 3, இரவு

உண்டு, பலமாக உண்டு. நொதி அளவீட்டை விடாதீர்கள். உங்கள் கையில் இருப்பது தோற்றுப்போன சோதனை அல்ல. ஆர்.என்.ஏ. ஒன்று சொல்கிறது, நொதி வேறொன்று சொல்கிறது என்றால் இரண்டுக்கும் இடையில் செடி ஏதோ செய்திருக்கிறது. அந்த இடைவெளியில்தான் உயிர்வேதியியலே இருக்கிறது.

முதலில் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இலையைப் பறித்ததற்கும் திரவ நைட்ரஜனில் போட்டதற்கும் இடையில் எவ்வளவு நேரம்? அந்த இடைவேளையில் இலை வெளிச்சத்தில் இருந்ததா, இருட்டில் இருந்ததா? அளவீட்டுப் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) மக்னீசியம் இருந்ததா?

பதில் — மார்ச் 4

நேற்றைய கேள்விகளை ஏன் கேட்டேன் என்று விளக்குகிறேன்.

நைட்ரேட் ரிடக்டேஸ் பெரிய நொதி. ஒரே புரதச் சங்கிலியில் எஃப்.ஏ.டி., ஹீம், மாலிப்டினம் துணைக்காரணி என எலக்ட்ரானைக் கைமாற்றும் மூன்று துணைப்பொருள்களையும் தாங்கி நிற்கிறது. என்.ஏ.டி.எச். (செல்லில் எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறு) தரும் எலக்ட்ரான்கள் இந்த மூன்றையும் கடந்து நைட்ரேட்டை நைட்ரைட்டாக்குகின்றன. நைட்ரைட் செல்லுக்கு நஞ்சு. அதை அடுத்த நொதி பசுங்கணிகத்துக்குள் அம்மோனியமாக்குகிறது. அந்த வேலைக்கான எலக்ட்ரான் ஃபெரெடாக்சின் என்ற ஒளிச்சேர்க்கைப் புரதத்திடமிருந்து, அதாவது வெளிச்சத்திலிருந்து வருகிறது. வெளிச்சம் போனதும் முதல் நொதி தொடர்ந்து வேலை செய்தால் என்ன ஆகும்? நைட்ரைட் தேங்கும். ஆகவே இருட்டு வந்ததும் செடி முதல் நொதியை அடக்குகிறது. புதுப் புரதம் செய்தோ பழையதை அழித்தோ அல்ல; அதற்கெல்லாம் நேரம் இல்லை. நொதியின் நடுவே உள்ள ஒரு செரின் மீது பாஸ்பேட் ஏறுகிறது (பசலைக் கீரையின் நொதியில் அது 543-ஆவது அமினோ அமிலம்). பாஸ்பேட் ஏறியதும் 14-3-3 எனப்படும் புரதம் வந்து அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. எலக்ட்ரான் ஓட்டம் நின்றுவிடுகிறது. எல்லாம் சில நிமிட வேலை.

இதில் உங்களுக்கு முக்கியமானது மக்னீசியம். 14-3-3 ஒட்டுவதற்கு மக்னீசியம் போன்ற ஓர் இரட்டை மின்னேற்ற அயனி தேவை. சாற்றில் ஈ.டி.டி.ஏ. சேர்த்து மக்னீசியத்தைப் பிடித்துவிட்டால் பாஸ்பேட் ஏறிய நொதியும் வேலை செய்யும். ஆக ஒரே சாற்றை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மக்னீசியத்தோடும் மற்றொன்றை ஈ.டி.டி.ஏ.யோடும் அளக்க வேண்டும். ஈ.டி.டி.ஏ. தருவது இலையில் இருக்கும் மொத்த நொதியின் திறன். மக்னீசியம் தருவது பறித்த நொடியில் அடக்கப்படாமல் இருந்த பங்கு. இரண்டின் விகிதத்தைத்தான் இந்தத் துறையில் செயலூக்க நிலை என்கிறோம். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு "நொதி மாறவில்லை" என்று சொன்னால், எந்த நொதி, எந்த நிலையில் என்று திருப்பிக் கேட்பேன்.

பதில் — மார்ச் 4, சற்று நேரம் கழித்து

விட்டுப்போன ஒன்று. அரைக்கும்போதே சாற்றிலுள்ள பாஸ்படேஸ் நொதிகள் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றத் தொடங்கிவிடும். சாறு அறை வெப்பத்தில் நின்றால், இருட்டில் பறித்த இலையும் வெளிச்சத்தில் பறித்தது போலத் தோன்றும். பாஸ்படேஸ் தடுப்பான் சேருங்கள். சாறு பனிக்கட்டியிலேயே இருக்கட்டும். அளவீட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

பதில் — மார்ச் 6

உங்கள் விவரங்களைப் படித்தேன். எல்லாச் செடிகளையும் பறித்து முடிக்கும்வரை இலைகள் மூடிய பனிப்பெட்டியில் இருந்திருக்கின்றன. பஃபரில் மக்னீசியம் இருந்திருக்கிறது, ஈ.டி.டி.ஏ. இல்லை. அப்படியானால் நீங்கள் அளந்தது, இருட்டுப் பெட்டிக்குள் போன பிறகு இலை எடுத்த முடிவைத்தான். நைட்ரேட் பெற்ற செடியும் பெறாத செடியும் அந்தப் பெட்டிக்குள் ஒரே கதிக்கு ஆளாகியிருக்கின்றன.

"பனிக்கட்டியில் வைத்தால் எல்லாம் நின்றுவிடும் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், பலருக்கும் அப்படித்தான். அரைத்த சாற்றுக்கு அந்த அறிவுரை பொருந்தும். முழு இலைக்குப் பொருந்தாது. பனிக்கட்டி மேல் கிடக்கும் இலை மெதுவாகக் குளிர்கிறது. குளிரும் நேரமெல்லாம் அது உயிரோடு இருக்கிறது, வெட்டுப்பட்டதையும் இருட்டையும் உணர்ந்துகொண்டிருக்கிறது. இலை வளர்ந்த விளக்கின் கீழேயே, உங்கள் கை நிழல் அதன்மேல் விழாமல், திரவ நைட்ரஜனில் குளிர்வித்த இடுக்கியால் நசுக்கி உறைய வையுங்கள். உறைந்த இலையைப் பிறகு நிதானமாக எடை போடலாம். பறித்தபின் ஈர எடை பார்த்து, உறையில் பெயர் எழுதி, அதற்கப்புறம் உறைய வைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த இலைகளில் அன்றைய வளர்சிதை மாற்றத்தைப் பற்றி அறிய எதுவும் மிச்சமிருக்காது.

அப்புறம் அந்த ஒரு மணி நேரம். ஆர்.என்.ஏ. உயர அது தாராளம். நைட்ரேட் பட்டதும் நிமிடக் கணக்கில் எழத் தொடங்கும் மரபணு இது. புரதம் சேர அந்த நேரம் போதாது. ரிபோசோம் ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதச் சங்கிலி கோக்க வேண்டும், மூன்று துணைக்காரணிகள் உள்ளே அமர வேண்டும், இரண்டு சங்கிலிகள் ஜோடி சேர வேண்டும். பல மணி நேரத்துக்கு மாதிரி எடுங்கள். பகலின் ஒரே கட்டத்தில் முடிவதுபோல் நைட்ரேட் கொடுக்கும் நேரத்தை முன்னே பின்னே மாற்றிக்கொள்ளுங்கள். இந்த மரபணுவுக்கு நாளோட்டத் தாளமும் உண்டு. காலை மாதிரியை மாலை மாதிரியோடு ஒப்பிட்டால் நைட்ரேட்டின் விளைவும் கடிகாரத்தின் விளைவும் கலந்துவிடும்.

பதில் — மார்ச் 7

சாற்றைக் காக்கும் வழியை இன்னொருவர் கேட்டிருந்தார். இந்த நொதி சீக்கிரம் சிதையும். லூபெப்டின் மாதிரியான புரதச்சிதைவுத் தடுப்பான், கொஞ்சம் எஃப்.ஏ.டி., பீனால் சேர்மங்களைப் பிடிக்க நீரில் கரையாத பாலிவினைல் பிரோலிடோன் ஆகியவை வேண்டும். சாறு பழுப்பாகிவிட்டால் அதை அளக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். பழுப்பு நிறம் என்றால் பீனால்கள் குயினோன்களாகிப் புரதங்களோடு ஒட்டத் தொடங்கிவிட்டன என்று பொருள். அங்கே கிடைக்கும் எண் இலையைப் பற்றியது அல்ல.

நொதி உண்டாக்கிய நைட்ரைட்டை நிறமாக்கி அளக்கும் கட்டத்தில் ஒரு தொல்லை உண்டு. வினையை நிறுத்திய பிறகும் மிஞ்சியிருக்கும் என்.ஏ.டி.எச்., சல்ஃபனிலமைடு தரும் இளஞ்சிவப்பைக் குறைத்துக் காட்டும். துத்தநாக அசிடேட்டால் நிறுத்தி, ஃபினசீன் மெத்தோசல்பேட் சேர்த்து அந்த மிச்சத்தை ஆக்சிகரணம் செய்த பிறகு 540 நானோமீட்டரில் படியுங்கள். அளவுத் தரக்கோட்டையும் இதே கலவையில் போடுங்கள், வெறும் தண்ணீரில் போடாதீர்கள்.

பதில் — மார்ச் 10

ஒரு வாசகர் மறுக்கிறார்: "நைட்ரேட் ரிடக்டேஸ் விதிவிலக்கு. பெரும்பாலான நொதிகளுக்கு ஆர்.என்.ஏ. நல்ல வழிகாட்டிதான்."

இல்லை என்பதே என் கருத்து. 2004-இல் மார்க் ஸ்டிட்டின் குழு அராபிடாப்சிஸ் இலையில் கார்பன், நைட்ரஜன் வளர்சிதை மாற்ற நொதிகள் பலவற்றைப் பகல் இரவு முழுக்க ஒரே தானியங்கி அமைப்பில் அளந்தது. அந்நொதிகளின் ஆர்.என்.ஏ. நாள் முழுக்க ஏறி இறங்கியது. நொதிகளின் செயற்பாட்டிலோ ஏற்ற இறக்கம் அதைவிடச் சிறியது, பின்தங்கியும் வந்தது. மாவுச்சத்து செய்ய முடியாத ஒரு பிறழ்வுச் செடியையும் பார்த்தார்கள். அது ஒவ்வோர் இரவும் சர்க்கரை தீர்ந்து பட்டினி கிடக்கும். அதன் ஆர்.என்.ஏ. ஏற்ற இறக்கம் மிகப் பெரியது. ஆனால் நொதிகள் நாளுக்கு நாள் அப்படி ஆடவில்லை. பல நாட்களின் சராசரிக்கு ஏற்ப மெல்ல இடம் மாறின. பல இலைப் புரதங்கள் நாள்கணக்கில் வாழ்கின்றன என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. ஏற்கெனவே பெரும் கையிருப்பு இருக்கும்போது ஒரு பிற்பகலின் ஆர்.என்.ஏ. எழுச்சி அதை எவ்வளவு மாற்றிவிடும்?

இந்த ஆய்வைப் படித்த பிறகுதான், ஒற்றை நேரத்தில் எடுத்த ஆர்.என்.ஏ. அட்டவணையைப் பார்த்து "இந்த வளர்சிதைப் பாதை முடுக்கிவிடப்பட்டது" என்று எழுதும் கட்டுரைகளை நான் வேறு கண்ணோடு படிக்கத் தொடங்கினேன். முடுக்கிவிடப்பட்டது பாதை என்று எப்படித் தெரியும்? அளந்தது ஆர்.என்.ஏ. மட்டும்தானே.

பதில் — மார்ச் 10, இரவு

இதே வாதத்துக்கு இன்னொரு சான்று. செடிக்கு மாலிப்டினத்தை மறுத்து டங்ஸ்டன் கொடுங்கள். துணைக்காரணியில் டங்ஸ்டன் போய் அமரும், எலக்ட்ரான் கடக்காது. புரதம் இருக்கும், செயற்பாடு இருக்காது. நைட்ரேட் குறையவில்லை என்பதால் ஆர்.என்.ஏ. குறையாது; புகையிலையில் உயர்ந்தே காணப்பட்டது. ஆர்.என்.ஏ. மட்டும் பார்த்தவர் அந்தச் செடியை நைட்ரேட்டைச் சுறுசுறுப்பாகப் பயன்படுத்தும் செடி என்று எழுதிவிடுவார்.

பதில் — மார்ச் 13

டி.டி.டி. (டைதயோதிரெய்ட்டால்; பூச்சிக்கொல்லி அல்ல, டைசல்பைடு பிணைப்புகளை உடைக்கும் வேதிப்பொருள்) பற்றித் தனியாக எழுதியே ஆக வேண்டும். ஏறக்குறைய எல்லா ஆய்வகக் குறிப்பேடுகளிலும் "பஃபரில் டி.டி.டி. சேர்" என்று இருக்கும். புரதத்தை ஆக்சிகரணத்திலிருந்து காப்பதற்காக என்பார்கள். நல்லது. ஆனால் ஒளிச்சேர்க்கை நொதிகளில் ஒரு பகுதி, செயல்படவும் அடங்கவும் டைசல்பைடு பிணைப்பையே (இரண்டு கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு) பயன்படுத்துகிறது. வெளிச்சத்தில் ஃபெரெடாக்சின் வழியாக தயோரெடாக்சின் என்ற சிறு புரதம் ஒடுக்கப்பட்டு (அதாவது எலக்ட்ரான் பெற்று), அது அந்தப் பிணைப்புகளை உடைத்து நொதியை எழுப்புகிறது. பாப் புக்கனன் குழுவினர் பல ஆண்டுகள் உழைத்து வெளிக்கொணர்ந்த அமைப்பு இது. ஃப்ரக்டோஸ் பிஸ்பாஸ்படேஸ், செடோஹெப்டுலோஸ் பிஸ்பாஸ்படேஸ், பாஸ்போரிபுலோகைனேஸ், என்.ஏ.டி.பி. சார்ந்த மாலேட் டீஹைட்ரஜனேஸ் எல்லாம் இந்த வகை.

இருட்டில் வைத்த இலையை டி.டி.டி. உள்ள பஃபரில் அரைத்தால், இலை செய்யாததை நீங்கள் குழாயில் செய்துவிடுகிறீர்கள். தூங்கிக்கொண்டிருந்த நொதி விழித்துவிடும். வெளிச்ச இலைக்கும் இருட்டு இலைக்கும் வேறுபாடு மறைந்துவிடும். பிறகு "ஒளி இந்த நொதியைப் பாதிக்கவில்லை" என்ற முடிவு எழுதப்படும். இப்படி எழுதப்பட்ட ஒரு ஆய்வேட்டை மதிப்பிட எனக்கு அனுப்பினார்கள். மாணவர் கடுமையாக உழைத்திருந்தார், புள்ளியியலில் குறை சொல்ல இடமில்லை. பஃபர் செய்முறையில் ஒரே ஒரு வரி அவருடைய கேள்வியையே அழித்திருந்தது. யாரும் அவரிடம் அந்த வரி எதற்காக இருக்கிறது என்று சொல்லவில்லை. அது எனக்கு இன்றும் கோபம் தருகிறது. பஃபரில் சேரும் ஒவ்வொன்றும் எதற்காக என்று கேட்கும் உரிமை மாணவருக்கு உண்டு. கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் "தெரியவில்லை, பார்ப்போம்" என்று சொல்லும் கடமை வழிகாட்டிக்கு உண்டு.

மாலேட் டீஹைட்ரஜனேஸை டி.டி.டி. இல்லாத சாற்றில் உடனே ஒருமுறை அளந்து, டி.டி.டி.யோடு முழுமையாக விழிக்கவைத்து மறுபடி அளந்தால், பசுங்கணிகத்தின் ஒடுக்க நிலையையே அது காட்டிக்கொடுக்கும். ஈ.டி.டி.ஏ.–மக்னீசியம் ஜோடி போலவே இதுவும் ஒரு ஜோடி அளவீடு.

பதில் — மார்ச் 15

"செயற்பாட்டை எதால் வகுப்பது? ஈர எடையாலா, மொத்தப் புரதத்தாலா, பச்சையத்தாலா?"

நல்ல கேள்வி, அதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. கோதுமை, நெல், பசலை போன்ற சி3 செடிகளின் (கார்பன் டை ஆக்சைடை முதலில் மூன்று கார்பன் சேர்மமாக்கும் செடிகள்) இலையில் கரையும் புரதத்தில் பாதிவரை, ஒளிச்சேர்க்கையில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற ஒரே நொதியாக இருக்கலாம். நைட்ரஜன் குறையும்போது செடி முதலில் கைவைக்கும் சேமிப்புகளில் அதுவும் ஒன்று. அப்போது மொத்தப் புரதம் சரியும். உங்கள் நொதி துளியும் மாறாமல் இருந்தாலும், புரதத்தால் வகுத்த எண் உயரும். "நைட்ரஜன் பற்றாக்குறையில் எங்கள் நொதி கூடுகிறது" என்று கட்டுரைகள் பிறப்பது இப்படித்தான். வறட்சிச் சோதனையில் ஈர எடை இதே வேலையைச் செய்யும், ஏனென்றால் இலை தண்ணீரை இழக்கிறது. பச்சையம் முதுமையில் குறைகிறது. நான் இலைப்பரப்பையும் உலர் எடையையும் விரும்புகிறேன். எதை எடுத்தாலும் வகுக்கும் எண்ணையே தனி அட்டவணையாகக் கொடுத்துவிடுங்கள், படிப்பவர் தாமே மாற்றிப் பார்க்கட்டும்.

பதில் — மார்ச் 16

ஆர்.என்.ஏ. பக்கத்திலும் இதே நோய் உண்டு. ஆக்டின் என்ற புரதத்தின் மரபணுவை ஒப்பீட்டு மரபணுவாக (மாறாதது என்று கொள்ளும் அளவுகோலாக) வைத்து எல்லாவற்றையும் வகுக்கிறார்கள். உங்கள் சோதனை நிலையில் ஆக்டின் மாறாமல் இருக்கிறது என்று யார் பார்த்தது? குறைந்தது இரண்டு மூன்று ஒப்பீட்டு மரபணுக்களை உங்கள் மாதிரிகளிலேயே சோதித்துத் தேர்ந்தெடுங்கள்.

பதில் — மார்ச் 22

ரூபிஸ்கோ என்ற பெயரைச் சொன்னதும் பலர் அதைப் பற்றியே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கும் அதை விட்டு விலக மனமில்லை, ஆர்.என்.ஏ.வுக்கும் நொதிக்கும் நடுவே எத்தனை படிகள் என்று காட்ட அதைவிடத் தெளிவான புரதம் கிடைக்காது.

பெரிய துணை அலகின் மரபணு பசுங்கணிகத்துக்குள், சிறிய துணை அலகின் மரபணுக்கள் உட்கருவில். எட்டுப் பெரியவை, எட்டுச் சிறியவை சேர்ந்தால்தான் ஒரு நொதி. கூட்டாளி கிடைக்காத சிறிய அலகு பசுங்கணிகத்துக்குள் வந்ததும் சிதைக்கப்படுகிறது. கிளாமிடோமோனஸ் பாசியில் 1983-இலேயே இதைக் காட்டினார்கள். ஆக சிறிய அலகின் ஆர்.என்.ஏ. எவ்வளவு உயர்ந்தாலும், பெரிய அலகு உயராவிட்டால் பலனில்லை. மடிப்பதற்கும் அடுக்குவதற்கும் துணைப்புரதங்கள் ஒரு பட்டாளமே வேண்டும். செடியின் ரூபிஸ்கோவை ஈ.கோலை பாக்டீரியாவில் செயல்படும் நிலையில் உருவாக்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மானாஜித் ஹாயர்-ஹார்ட்ல் குழு பசுங்கணிகத்தின் துணைப்புரதங்கள் பலவற்றை ஒன்றாக வெளிப்படுத்திய பிறகே அது நடந்தது.

கட்டி முடித்தாலும் போதாது. செயல்மையத்தின் (வினை நடக்கும் இடத்தின்) ஒரு லைசின் அமினோ அமிலத்தின் மீது கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு ஒன்று ஏற வேண்டும். வினையில் பிடிபடும் மூலக்கூறு அல்ல இது, வேறொன்று. அதன்மேல் மக்னீசியம் அமர வேண்டும். அதனால்தான் அளவீட்டுக்கு முன் சாற்றைப் பைகார்பனேட்டோடும் மக்னீசியத்தோடும் சில நிமிடம் வைத்திருக்கிறோம். பீன்ஸ், புகையிலை போன்ற செடிகளில் இரவில் ஒரு சர்க்கரைப் பாஸ்பேட் தடுப்பான் வேறு செயல்மையத்தில் போய் இறுக அமர்கிறது. இத்தனைக்கும் பிறகு ஒரு செயல்மையம் நொடிக்கு ஏறத்தாழ மூன்று மூலக்கூறுகளைத்தான் பிடிக்கிறது. இடையிடையே கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனையும் பிடித்துவிடுகிறது. 1971-இல் போவ்ஸ், ஆக்ரன், ஹேக்மன் காட்டிய உண்மை அது.

இதைக் கேட்டதும் "சோம்பேறி நொதி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 விழுக்காடு, கார்பன் டை ஆக்சைடு அதில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு. இரண்டும் சிறிய, மின்னேற்றமற்ற மூலக்கூறுகள். பற்றிக்கொள்ளப் பிடிமானம் எதுவும் இல்லாதவை. அந்தக் கூட்டத்திலிருந்து சரியானதை நான்கில் மூன்று முறை தேர்ந்தெடுக்கும் நொதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில் — மார்ச் 23

"அப்படியென்றால் ரூபிஸ்கோ கூடினால் ஒளிச்சேர்க்கை கூடும், குறைந்தால் குறையும். சரிதானே?"

அதுவும் நேராகப் போகவில்லை. 1988-இல் ரோடர்மெல், அபட், போகோராட் எதிர்ப்போக்கு ஆர்.என்.ஏ. (மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வோடு இணைந்து அதை அடக்கும் ஆர்.என்.ஏ.) கொண்டு ரூபிஸ்கோ குறைந்த புகையிலைச் செடிகளை உருவாக்கினார்கள். பிறகு ஸ்டிட் குழு அவற்றின் ஒளிச்சேர்க்கையை அளந்தது. செடி வளர்ந்த மிதமான ஒளியில், நொதி பாதிக்கு அருகில் குறைந்தபோதும் ஒளிச்சேர்க்கை சிறிதளவே குறைந்தது. மீதியிருந்த நொதியில் செயலூக்கம் பெற்ற பங்கு உயர்ந்து ஈடுகட்டியது. பலமான ஒளிக்கு மாற்றியதும் கதை வேறு: நொதியின் குறைவு உடனே தெரிந்தது. அதே செடி, அதே நொதி. வெளிச்சம் மாறியதும் கட்டுப்பாடு எங்கே இருக்கிறது என்பதே மாறிவிட்டது.

"வேகத்தைத் தீர்மானிக்கும் ஒற்றைப் படி" என்று பாடப்புத்தகம் சொல்வதை, 1973-இல் காக்சரும் பர்ன்ஸும் கட்டுப்பாட்டுப் பகுப்பாய்வு எழுதிய காலத்திலிருந்தே நாம் கைவிட்டிருக்க வேண்டும். கட்டுப்பாடு பல படிகளில் பகிரப்பட்டிருக்கிறது. அந்தப் பங்கீடு சூழலோடு மாறுகிறது.

ஆகவே நொதி அளவீட்டையும் நான் கடைசிச் சொல்லாக வைக்கவில்லை. குழாயில் நாம் அளப்பது, வினைப்பொருள் நிறைந்திருக்கும்போது நொதியால் அதிகபட்சம் முடிவது. இலையில் உண்மையில் ஓடுவது அதைவிடக் குறைவாக இருக்கலாம். ஓட்டத்தைப் பார்க்கக் கதிரியக்கக் கார்பனோ, கார்பன்-13 போன்ற நிலையான ஐசோடோப்போ கொடுத்து, அது எந்தச் சேர்மத்தில் எப்போது வந்து சேர்கிறது என்று பின்தொடர வேண்டும். கால்வினும் பென்சனும் பாஸமும் கார்பன்-14-ஐ வைத்துச் செய்தது அதுதான்.

பதில் — ஏப்ரல் 2

முதல் சில பதில்களைத் திரும்பப் படித்தேன். மரபணு ஆய்வை மட்டம்தட்டுவது போல் தொனித்தால் அதை ஈடுகட்டியாக வேண்டும். என் நிலைப்பாடு அதுவல்ல. மரபியல் இல்லாமல் உயிர்வேதியியல் பார்க்கவே முடியாமல் போயிருக்கும் ஒன்றைச் சொல்கிறேன்.

1982-இல் சாமர்வில், போர்டிஸ், ஆக்ரன் ஆகியோர் அராபிடாப்சிஸில் ஒரு பிறழ்வுச் செடியைப் பற்றி எழுதினார்கள். சாதாரணக் காற்றில் அது நலிந்தது, கார்பன் டை ஆக்சைடு செறிந்த காற்றில் வளர்ந்தது. அதன் ரூபிஸ்கோவைப் பிரித்தெடுத்துக் குழாயில் அளந்தால் முற்றிலும் இயல்பாக இருந்தது. இலைக்குள் மட்டும் அது விழிக்கவில்லை! குழாயை மட்டும் நம்பியவர் அந்தச் செடியில் குறையே இல்லை என்றிருப்பார். இயல்பான செடியில் இருந்து இதில் இல்லாமல் போன புரதத்தைத் தேடியபோதுதான், செயல்மையத்தில் சிக்கிக்கொள்ளும் சர்க்கரைப் பாஸ்பேட்டுகளை விடுவிக்கும் ரூபிஸ்கோ ஆக்டிவேஸ் தெரியவந்தது. 1985-இல் அதற்குப் பெயரும் கிடைத்தது. செடியைத் தேர்ந்தெடுத்தது மரபியல். நொதி இயல்பானது, ஆனால் இலையில் உறங்குகிறது என்று பிரித்துச் சொன்னது உயிர்வேதியியல். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் கதை பாதியில் நின்றிருக்கும்.

உங்கள் நொதிக்கும் இதுபோன்ற வரலாறு உண்டு. குளோரேட்டை நைட்ரேட் ரிடக்டேஸ் நைட்ரேட் என்று எடுத்துக்கொண்டு குளோரைட் ஆக்கும், செடி நஞ்சேறிச் சாகும். குளோரேட்டில் பிழைத்த நாற்றுகளைப் பொறுக்கித்தான் இந்த நொதி இழந்த செடிகளும், நைட்ரேட்டை உள்ளே கடத்தும் புரதம் இழந்த செடிகளும் கிடைத்தன.

பதில் — ஏப்ரல் 11

புது முடிவுகளை அனுப்பியதற்கு மகிழ்ச்சி. விளக்கின் கீழ் உறைய வைத்த இலைகளில், ஈ.டி.டி.ஏ.யோடு அளந்த மொத்தத் திறன் முதல் மணி நேரத்தில் அசையாமல் இருந்து, பிறகு மணிக்கு மணி ஏறுகிறது. ஆர்.என்.ஏ. அதற்குள் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. முதலில் முரண்பட்ட இரண்டு எண்களும் இப்போது ஒரே வரைபடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. இதை வெளியிடலாம். ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தலும் செய்யுங்கள், ஆனால் இதே மாதிரிகளில், இதே நேரப்புள்ளிகளில்.

மக்னீசியக் குழாய்களில் முதல் நேரப்புள்ளியிலேயே செயலூக்க நிலை கூடியிருப்பதைக் கவனித்தீர்களா? அது நைட்ரேட்டினாலா, நைட்ரேட் ஊற்ற வளர்ப்பறைக் கதவைத் திறந்ததில் உள்ளே வந்த காற்றினாலா என்று இப்போது பிரிக்க முடியாது. இருட்டு மட்டுமல்ல, இலைத்துளைகள் மூடிக் கார்பன் டை ஆக்சைடு குறைந்தாலும் இந்த நொதி அடங்கும். அதே அளவு பொட்டாசியம் குளோரைடு கரைசலை ஊற்றிய செடிகள் வேண்டும், அதே கதவைத் திறந்து, அதே கையால்.

பதில் — ஏப்ரல் 12

"இவ்வளவுக்கும் நேரம் ஏது? என்னோடு சேர்ந்தவர்கள் ஆர்.என்.ஏ. தரவை வெளியே கொடுத்து வாங்கி, கட்டுரையே எழுதி முடித்துவிட்டார்கள்."

அந்த அழுத்தம் எனக்குத் தெரியும், அதை லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். உதவித்தொகைக்கு முடிவுத் தேதி இருக்கிறது, நொதி அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: எல்லா நொதிகளையும் அளக்க வேண்டாம். உங்கள் முடிவு எந்த ஒன்றிரண்டு நொதிகள் மேல் நிற்கிறதோ அவற்றை மட்டும் அளக்கவும், ஆனால் முறையாக அளக்கவும். ஒரு நாளில் கையாள முடிகிற மாதிரிகளையே எடுக்கவும். நுண்தட்டில் செய்தால் நைட்ரேட் ரிடக்டேஸ் அளவீடு ஒரு பிற்பகலில் முடியும்.

பதில் — ஏப்ரல் 14

கடைசியாகக் கேட்ட சின்னக் கேள்விக்கு: மீதமிருப்பதைச் சாறாகச் சேமிக்காதீர்கள், உறைந்து உருகினால் இந்த நொதி தாங்காது. இலைத் தூளாகவே மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். எடை போடும் கரண்டியையும் குழாயையும் முன்கூட்டியே திரவ நைட்ரஜனில் குளிர்வியுங்கள். தூள் ஒருமுறை ஈரமாகிக் கட்டியானால் அந்தக் குழாயைத் தனியே குறித்து வையுங்கள்; ஆர்.என்.ஏ.வுக்கும் வேண்டாம், நொதிக்கும் வேண்டாம். பொட்டாசியம் குளோரைடு செடிகளோடு, நைட்ரேட் ரிடக்டேஸின் இரண்டு மரபணுக்களும் செயலிழந்த செடியையும் ஒரு வரிசை வளருங்கள். அம்மோனியம் இருக்கும்வரை அது வளரும். அதன் சாற்றிலும் இளஞ்சிவப்பு வந்தால், அந்த அளவை எல்லாவற்றிலிருந்தும் கழிக்க வேண்டும்.